எக்ஸ்ரேயில் தெரியும் அந்தக் கறுப்புக் கோடு

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. சைக்கிளிலிருந்து விழுந்ததில் மணிக்கட்டில் அடி. எக்ஸ்ரேயில் எலும்பின் நுனி துண்டுபட்டதுபோல ஒரு கறுப்புக் கோடு. அது முறிவு அல்ல, குருத்தெலும்பு என்றும் விரிசல் அதை ஒட்டி இருக்கிறது என்றும் சொல்லி மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். எலும்புக்கு நடுவே குருத்தெலும்பு ஏன்? கை வளராமல் போய்விடுமா? நாட்டுக் கட்டு போடலாம் என்கிறார் மாமியார்.
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புச் சகோதரி, மாவுக்கட்டைப் பிரிக்காதீர்கள். நீவுவதும் இழுப்பதும் அந்த இடத்துக்கு ஆகவே ஆகாது.

கருவில் கை, கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகவே உருவாகின்றன. அதற்குள் இரத்தக் குழாய்கள் கிடையாது. பிறகு நடுப்பகுதியில் உள்ள செல்கள் பருத்து, தம்மைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்தைப் படியவைக்கின்றன. இரத்தக் குழாய்களை வரவழைக்கும் ஒரு புரதத்தையும் சுரக்கின்றன. குழாய்கள் துளைத்துக்கொண்டு உள்ளே வருகின்றன. குருத்தெலும்பை அரித்தெடுக்கும் செல்களும் எலும்பைக் கட்டும் செல்களும் அவற்றோடு வந்து சேர்கின்றன. சுண்ணாம்பேறிய பழைய சட்டத்தின் மேல் புதிய எலும்பு படிகிறது. குழாய்கள் வராவிட்டால் எலும்பு இல்லை. குருத்தெலும்பு வழிவிடாவிட்டால் குழாய்கள் வர இடமில்லை. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

உங்கள் மகன் கையில் இன்றும் நடப்பது இதே வேலைதான். அந்தக் கறுப்புக் கோட்டின் பெயர் வளர்ச்சித் தட்டு. சுண்ணாம்புச் சத்து குறைவு என்பதால் எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிகிறது. அதன் நுனிப்பக்கச் செல்கள் பெருகிக்கொண்டே இருக்க, உட்பக்கச் செல்கள் பருத்து எலும்புக்கு இடம் கொடுக்கின்றன. கோழிக்குஞ்சின் கால் எலும்பில் இரண்டு துளைகள் போட்டுப் பார்த்தார், 18ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயர். கால் நீண்டது, துளைகளுக்கு இடையே இருந்த தூரம் மாறவில்லை. நீளம் கூடுவது நுனிகளை ஒட்டித்தான்.

பெருகும் செல்களுக்கு உணவு, நுனிப்பக்க இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து வருகிறது. அவை அறுபட்டால் வளர்ச்சி தடைபடும். விரிசல் தட்டைக் குறுக்கே பிளந்தாலும் ஆபத்து உண்டு: இரு பக்கத்துக் குழாய்களும் அந்தப் பிளவில் சேர்ந்து, நடுவே எலும்புப் பாலம் உருவாகி, தட்டைப் பூட்டிவிடலாம். மறுபடி மறுபடி இழுத்தால் இந்த ஆபத்து கூடும். மாமியாரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். பேரன் மீது அவருக்கு உள்ள அக்கறையும் உங்களுடையதைப் போன்றதுதான்.

நல்ல செய்தி: மணிக்கட்டில் இப்படி அடிபட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கை வழக்கம்போல வளர்கிறது. தொடையெலும்பின் முழங்கால் பக்கத் தட்டில் அடிபட்டால்தான் கவலை அதிகம். முன்கையின் பெரும்பகுதி வளர்ச்சி மணிக்கட்டுப் பக்கத்திலிருந்தே வருகிறது. ஆகவே சிறு வளைவு இருந்தாலும் இந்த வயதில் தானே நிமிர்ந்துவிடும்.

எலும்புப் பாலம் உடனே தெரியாது. கட்டுப் பிரித்த பிறகும் மருத்துவர் சொல்லும் மாதங்களில் எக்ஸ்ரே எடுங்கள். கட்டுக்குள் வலி கூடினாலோ, விரல்கள் மரத்தாலோ, நீலம் பாரித்தாலோ அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போங்கள்.