ஆறு பகடை உருட்டினால் 6 விழுந்தே தீருமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு பகடையில் 6 விழ வாய்ப்பு 1/6. இரண்டு பகடை என்றால் 1/6 + 1/6 = 1/3 என்று கூட்டிக்கொண்டேன். இப்படியே போனால் ஆறு பகடைக்கு 1 வருகிறது, அதாவது 6 விழுந்தே தீர வேண்டும். உருட்டிப் பார்த்தால் விழாமலும் போகிறது. எங்கே தவறு?

இன்னொரு சந்தேகம். நாங்கள் ஆடும் ஆட்டத்தில் ஒரு பகடையை அதிகபட்சம் மூன்று முறை உருட்டலாம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், கடைசியாக விழுந்ததுதான் புள்ளி. சராசரி 3.5 என்பதால் 4 வந்தாலே நிறுத்திவிடுகிறேன். சரிதானே?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் கூட்டலில் பிழை இல்லை. ஆனால் அது நீங்கள் கேட்ட கேள்விக்கான விடை அல்ல. ‘ஆறு பகடையில் சராசரியாக எத்தனை 6 விழும்?’ என்று கேட்டால் விடை 1. நீங்கள் கேட்டது ‘ஒரு 6 ஆவது விழ வாய்ப்பு எவ்வளவு?’ என்று. முன்னது எதிர்பார்ப்பு மதிப்பு, பின்னது நிகழ்தகவு.

இரண்டு பகடையில் மொத்தம் 36 ஜோடி. முதல் பகடையில் 6 உள்ளவை ஆறு, இரண்டாவதில் 6 உள்ளவை ஆறு. கூட்டினால் 12, ஆனால் (6,6) இரண்டு கணக்கிலும் ஏறிவிட்டது. ஒன்றைக் கழித்தால் 11/36. பகடைகள் கூடக்கூட இப்படிக் கழித்துக்கொண்டிருப்பது பெரும்பாடு. ‘ஒன்றாவது’ என்ற சொல் கேள்வியில் வந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். ஒரு பகடையில் 6 விழாமல் போக 5/6. ஆறிலும் விழாமல் போக அதை ஆறு முறை பெருக்க வேண்டும்: 15625/46656, சுமார் 33.5%. ஆக, ஒரு 6 ஆவது விழ 66.5%.

சரியாக ஒரே ஒரு 6 விழ 40.2%, இரண்டோ அதற்கு மேலோ விழ 26.3%. மூன்றில் ஒரு தடவை ஒன்றுமே இல்லாமல் போவதை, இரண்டும் மூன்றுமாக விழும் தடவைகள் ஈடுகட்டுகின்றன. அதனால்தான் சராசரி 1 ஆகவே நிற்கிறது.

எதிர்பார்ப்பு மதிப்பை எப்போதும் கூட்டலாம், பகடைகள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூடக் கிடையாது. எப்போதும் ஒரே எண்ணைக் காட்டும்படி இரண்டு பகடையை ஒட்டிவிட்டாலும் கூட்டுத்தொகையின் சராசரி 3.5 + 3.5 = 7தான். 7 ஒரு தடவைகூட வராது, ஏனென்றால் கூட்டுத்தொகை எல்லாம் இரட்டைப்படை! ஆனால் மேலே 5/6ஐ அடுத்தடுத்துப் பெருக்கினோமே, அதற்குச் சாராமை கட்டாயம் வேண்டும். ஒட்டிய பகடையில் அந்தப் பெருக்கல் செல்லாது.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. பிரான்சின் எழுத்தாளர் ஷெவாலியே த மேரே கிளப்பிய சிக்கலை, கணித மேதை பாஸ்கல் 1654இல் இன்னொரு கணித மேதையான ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்தில் காணலாம். ஒரு பகடையை 4 முறை உருட்டினால் ஒரு 6 ஆவது விழும் என்று பந்தயம் கட்டுவது லாபம்: வெற்றி 671க்குத் தோல்வி 625, அதாவது 51.8%. இரண்டு பகடையை 24 முறை உருட்டி ஒரு (6,6) ஆவது விழும் என்று கட்டினால்? 6க்கு 4 என்றால் 36க்கு 24, விகிதம் ஒன்றுதானே என்று தோன்றும். கணக்கோ 49.1%, நஷ்டம். எதிர்பார்ப்பு மதிப்பைப் பாருங்கள்: 4/6, 24/36, இரண்டும் 2/3தான். சராசரியில் வேறுபாடே இல்லை. 24 உருட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட (6,6) ஒரே ஆட்டத்தில் குவிவது சற்று அதிகம் (14.3%, 4 உருட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட 6 குவிவது 13.2%). ஒரே ஆட்டத்தில் குவிந்தால் வேறு ஆட்டங்கள் வெறுமையாகப் போகத்தானே வேண்டும்? 25 முறை உருட்டினால் 50.6% ஆகிவிடுகிறது.

இனி உங்கள் ஆட்டம். இதைக் கடைசி உருட்டிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். கடைசி உருட்டின் மதிப்பு 3.5. ஆகவே இரண்டாவது உருட்டில் 4, 5, 6 வந்தால் நிறுத்துங்கள், இல்லையென்றால் உருட்டுங்கள். இரண்டு உருட்டு கையில் இருக்கும்போது மதிப்பு: (4+5+6)/6 + 3/6 × 3.5 = 4.25.

முதல் உருட்டில் 4 விழுந்தால் அதை ஒப்பிட வேண்டியது இந்த 4.25உடன், 3.5உடன் அல்ல. 4 குறைவு, ஆகவே மறுபடி உருட்டுங்கள். 5, 6க்கு மட்டும் நின்றால் ஆட்டத்தின் மதிப்பு 11/6 + 4/6 × 4.25 = 4.667. உங்கள் முறைப்படி 4க்கே நின்றால் 4.625. வித்தியாசம் 1/24 புள்ளிதான், 240 ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்துப் புள்ளி. பெரிய இழப்பில்லை, உண்மைதான். உருட்டுகள் கூடினால் முறையே மாறுகிறது: முதல் உருட்டுக்குப் பின் இன்னும் ஐந்து மிச்சமிருந்தால் அவற்றின் மதிப்பு 5.13, அப்போது 5ஐக்கூட விட்டுவிடலாம்.

இதை ‘இரண்டு முறை உருட்டி, பெரியதை எடுத்துக்கொள்’ என்ற ஆட்டத்தோடு சேர்த்துவிட வேண்டாம். அதன் மதிப்பு 161/36, சுமார் 4.47. உங்கள் ஆட்டத்தில் பழைய எண்ணை விட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது, 4.25க்கும் 4.47க்கும் இடையிலான இடைவெளி அதற்கான விலை.

கடைசியாக ஒன்று. இவ்வளவும் மொத்தப் புள்ளியைப் பெருக்குவதற்கான கணக்கு. எதிராளி ஏற்கெனவே 5 எடுத்துவிட்டார், சமன் செய்தால் உங்களுக்குத் தோல்வி என்றால், சராசரியை ஓரமாக வையுங்கள். 5 விழுந்தாலும் விட்டுவிட்டு 6க்காக மூன்று உருட்டையும் செலவிடுங்கள். வெல்ல வாய்ப்பு 91/216, சுமார் 42%.