எம்.ஆர்.ஐ. நார்மல், பிறகு எதற்கு பெட் ஸ்கேன்?

அன்புள்ள சார்,

என் அக்கா மகனுக்கு வயது 19. சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மூன்று மருந்து மாற்றியும் நிற்கவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தோம், நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. இப்போது டாக்டர் பெட் ஸ்கேனும் எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்கிறார். எம்.ஆர்.ஐ.யில் தெரியாதது அதில் எப்படித் தெரியும்? ஒரே மெஷினில் எடுக்க முடியாதா? காசு பிடுங்குகிறார்களோ என்று அக்கா பயப்படுகிறாள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான் மருத்துவன் இல்லை, முடிவு உங்கள் டாக்டரோடு பேசி எடுக்கவேண்டியது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது காசு பிடுங்கும் யோசனையாகத் தெரியவில்லை. பொருத்தமான இரண்டு மருந்து கொடுத்தும் வலிப்பு அடங்காவிட்டால், அறுவை சிகிச்சைக்கு வழியுண்டா என்று பார்ப்பது வழக்கம். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருந்து கேட்பதில்லை. அறுவை என்றால் வலிப்பு கிளம்பும் இடம் தெரிந்தாகவேண்டும்.

எம்.ஆர்.ஐ. காட்டுவது மூளையின் உருவத்தை. ஃபோகல் கார்ட்டிகல் டிஸ்ப்ளேசியா என்று ஒன்று உண்டு. கருவில் இருக்கும்போதே மூளைப் புறணியின், அதாவது மூளையின் மேலடுக்கின், ஒரு சிறு பகுதி தாறுமாறாக அமைந்துவிடும். படத்தில் அந்த இடம் லேசாகத் தடித்திருக்கும், அல்லது சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேரும் கோடு மங்கியிருக்கும். அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான வெட்டுப் படங்களுக்கு நடுவே அது கண்ணில் படாமல் போவது சகஜம்.

பெட் பார்ப்பது அந்த இடம் எப்படி வேலை செய்கிறது என்பதை. ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணு சேர்த்த, குளுக்கோஸ் மாதிரியான ஒரு பொருளை ஊசியில் ஏற்றுவார்கள். வலிப்பு இல்லாத நேரத்தில் கோளாறான பகுதி சர்க்கரையைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும், அதனால் மங்கித் தெரியும். சிக்கல் என்னவென்றால், அந்த மங்கல் பெரும்பாலும் கோளாறான இடத்தைத் தாண்டியும் பரவியிருக்கும். அதை மட்டும் நம்பிக் கத்தி வைக்க முடியாது.

இரண்டையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவதன் பயன் இங்கேதான் வருகிறது. எங்கே தேடுவது என்று பெட் காட்டிக்கொடுத்த பிறகு, ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் டாக்டர், அதே பழைய எம்.ஆர்.ஐ.யைத் திரும்பப் பார்க்கிறார். நார்மல் என்று விட்ட மூளை மடிப்பில் அந்த மங்கிய கோடு சிலருக்கு இப்போது அகப்பட்டுவிடுகிறது. எல்லோருக்கும் அல்ல. அகப்பட்டாலும், மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யும் அதே இடத்தைக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் மூளைக்குள்ளேயே மின்முனை வைத்துப் பார்க்கவேண்டிவரலாம்.

ஒரே மெஷினில் எடுக்க முடியும். பெட் கருவிகளில் ஒளியை உணர வைத்திருந்த ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய்கள் எம்.ஆர்.ஐ.யின் காந்தப்புலத்தில் வேலை செய்யாது. அவற்றுக்குப் பதிலாகக் குறைகடத்தி உணரிகள் வந்த பிறகு, 2010இல் சீமென்ஸ் நிறுவனம் முழு உடலுக்குமான கூட்டுக் கருவியைக் கொண்டுவந்தது. உங்கள் பக்கத்தில் அது இல்லாவிட்டால் குடிமுழுகிப் போகாது. மண்டையோட்டுக்குள் மூளை பெரிதாக இடம் மாறுவதில்லை என்பதால், வெவ்வேறு நாளில் எடுத்த படங்களையும் நன்றாகவே பொருத்தலாம். மூச்சுக்கு மூச்சு நகரும் ஈரலில்தான் இது பெரும் பாடு. மூளைக்கு, கூட்டுக் கருவியைத் தேடி ஊர் ஊராக அலைவதைவிட வலிப்புப் படங்களைப் பார்த்துப் பழகிய ரேடியாலஜிஸ்டைத் தேடுவது மேல் என்பது என் எண்ணம்.

போகும்போது ஃபிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் போதாது, எம்.ஆர்.ஐ. சிடியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொருத்துவதற்கு மெல்லிய முப்பரிமாண வெட்டுகள் தேவை. அவை இல்லையென்றால் வலிப்புக்கென்று உள்ள முறையில் எம்.ஆர்.ஐ.யை மறுபடி எடுக்கச் சொல்லக்கூடும், அதில் சூது ஒன்றும் இல்லை. இன்னொன்று: பெட் ஊசி போடும் நேரத்தை ஒட்டிப் பையனுக்கு வலிப்பு வந்தால் உடனே அங்கிருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். வலிப்பின்போது அந்தப் பகுதி சர்க்கரையை அதிகமாக இழுக்கும், படத்தின் பொருளே தலைகீழாகிவிடலாம்.