ஓவனில் சுட்ட காய்கறிச் சிப்ஸ் ஏன் நமத்துப் போகிறது?

சிங்கப்பூர் தோ பாயோவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கணவருக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருப்பதால் பொரித்த சிப்ஸை நிறுத்திவிட்டோம். மேசை மேல் வைக்கிற சின்ன ஓவன் வாங்கி, சர்க்கரைவள்ளி, பீட்ரூட், கேரட் மூன்றையும் சீவி 200 டிகிரியில் 20 நிமிடம் வைத்தேன். ஓரமெல்லாம் கருகிவிட்டது, நடுவில் அவித்த கிழங்கு மாதிரி தொளதொள. நன்றாக வந்த நாலைந்தும் ஒரு மணி நேரத்தில் நமத்துப் போயின. கூடச் செய்த தயிர் டிப்பும் தண்ணீர் விட்டுக்கொண்டது. எங்கே தப்பு?"

உங்கள் மூன்று தொல்லைக்கும் தண்ணீர்தான் காரணம். பீட்ரூட்டிலும் கேரட்டிலும் 100 கிராமுக்கு 87, 88 கிராம் தண்ணீர் இருக்கிறது, சர்க்கரைவள்ளியில் 77 கிராம் சொச்சம். எண்ணெயில் போட்டால் அந்த நீர் இரண்டு மூன்று நிமிடத்தில் கொதித்து வெளியேறிவிடும், அந்த இடத்தில் எண்ணெய் போய் உட்காரும். அதனால்தான் கடை உருளைக்கிழங்குச் சிப்ஸில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயாகவே இருக்கிறது. ஓவனில் அந்த வேலையைக் காற்று செய்ய வேண்டும், காற்றுக்கு அவசரம் தெரியாது. 200 டிகிரி வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து, அதிலுள்ள சர்க்கரை கருகிவிடும், நடுவில் நீர் அப்படியே நிற்கும். ஓவனில் சிப்ஸ் செய்வதென்றால் வற்றல் போடுவது போல நினைத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடி வெயிலுக்குப் பதில் 130 டிகிரி, அவ்வளவுதான்.

சீவுவதில்தான் பாதி வேலை முடிகிறது. கத்தியால் வேண்டாம், வாழைக்காய் சீவுகிற கட்டை போதும், ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் கனம். ஒரே தட்டில் ஒன்று மெல்லிசாகவும் ஒன்று தடிப்பாகவும் இருந்தால் ஒன்று கருகாமல் மற்றது காயாது. சர்க்கரைவள்ளியைச் சீவியதும் பதினைந்து நிமிடம் தண்ணீரில் போட்டு வையுங்கள், மேலே ஒட்டியிருக்கும் மாவும் கொஞ்சம் சர்க்கரையும் போகும். அப்புறம் துண்டில் பரப்பி, இன்னொரு துண்டால் மேலே அழுத்தி, கைக்கு ஈரம் தட்டாத அளவுக்குத் துடைக்க வேண்டும். இந்த இடத்தில் சோம்பல்பட்டால் ஓவனில் பத்து நிமிடம் கூடப் பிடிக்கும்.

300 கிராம் காய்க்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெய் தாராளம். எண்ணெய் கூடினால் மொறுமொறுப்பு வராது, பிசுக்குத்தான் வரும். உப்பு கடைசியில்தான், ஏனென்றால் 300 கிராம் பீட்ரூட் காய்ந்து முடிந்தால் தேறுவது 40 கிராம் சொச்சம். பச்சைக் காயின் அளவைப் பார்த்து முதலிலேயே உப்புப் போட்டால் அத்தனை உப்பும் அந்த 40 கிராமில் வந்து நிற்கும். உங்கள் கணவரை நினைத்துச் செய்கிற பண்டம் இது, உப்பிலும் கை அடங்கட்டும்.

மூன்று காயையும் ஒரே தட்டில் கலந்து வைத்திருக்கிறீர்கள், பார்க்க வண்ணமாக அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் காயும். பீட்ரூட்டும் கேரட்டும் சர்க்கரை உள்ளவை, 120லிருந்து 130 டிகிரி, முக்கால் மணி நேரமாவது ஆகும். சர்க்கரைவள்ளிக்கு 140 வைக்கலாம், 35லிருந்து 45 நிமிடம். ஈரச்சந்தையில் எளிதாகக் கிடைக்கிற தாமரைக்கிழங்கையும் ஒருமுறை செய்து பாருங்கள், நறுக்கியதும் கறுக்காமல் இருக்க வினிகர் கலந்த தண்ணீரில் போட்டுவிட்டு அதே 140ல் வைத்தால், ஓட்டை ஓட்டையாகப் பூப்போல வரும், டிப்பில் தோய்க்கும்போது உடையவும் உடையாது. வெள்ளரி, கத்தரி பக்கம் போக வேண்டாம், எல்லாம் தண்ணீர். மரவள்ளியையும் பச்சையாகச் சீவி ஓவனில் வைக்காதீர்கள். அதில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது, தோலை உரித்து நன்றாக வேகவைத்த பிறகுதான் அதை வாயில் வைக்க வேண்டும்.

சின்ன ஓவனில் இன்னொரு சிக்கல், சூடாகிற கம்பி தட்டுக்கு மிக அருகில் இருக்கும். தட்டை நடு அடுக்கில் வையுங்கள், துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே வரிசையாகப் பரப்புங்கள், விசிறி இருந்தால் போடுங்கள். விசிறி இல்லாத ஓவன் என்றால் கால் மணிக்கொருமுறை கதவைத் திறந்து ஆவியை வெளியே விட்டுவிட்டு, தட்டைத் திருப்பி வையுங்கள். திருகுக் குமிழில் 130 என்று இருந்தால் உள்ளேயும் 130தான் என்று நம்பிவிட முடியாது, ஓவனுக்குள் வைக்கிற சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிவிடுவது நல்லது. 25வது நிமிடத்திலிருந்து பக்கத்திலேயே இருங்கள், காய்ந்ததை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள், எல்லாம் ஒரே நேரத்தில் தயாராவது நடக்காது.

எடுக்கும்போது கொஞ்சம் வளைந்துகொடுத்தால் பயப்பட வேண்டாம், கம்பி வலையில் ஆறும்போதுதான் மொறுமொறுப்பு ஏறும். ஐந்து நிமிடம் ஆறியும் வளைந்தால் திரும்ப உள்ளே வையுங்கள். பழுப்பாகும்வரை விடாதீர்கள். மாவுச்சத்துள்ள காயை 120 டிகிரிக்கு மேல் வாட்டினால் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படுகிற அக்ரிலமைடு என்ற பொருள் உருவாகிறது என்று 2002ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நிறம் கறுக்கக் கறுக்க அதுவும் கூடும். ஆகவே சர்க்கரைவள்ளி பொன்னிறத்தில் இருக்கும்போதே எடுத்துவிடுவதுதான் சரி.

சரி, ஒரு மணி நேரத்தில் நமத்துப் போனதற்கு வருகிறேன். அதில் உங்கள் தப்பு குறைவு, சிங்கப்பூர்க் காற்று அப்படி. விடியலுக்கு முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டையும் தாண்டும், மழை இல்லாத நாளில் பிற்பகலில்தான் 60 அளவுக்கு இறங்கும். காய்ந்த சிப்ஸ் அந்த ஈரத்தைத் தாள் போல உறிஞ்சும். அதனால் முடிந்தால் பிற்பகலில் சுடுங்கள், மழை பெய்கிற சாயங்காலம் வேண்டாம். முழுதாக ஆறியதும், அதாவது பத்து நிமிடத்தில், தீபாவளி முறுக்குப் போட்டு வைக்கிற சிவப்பு மூடி பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து எல்லாம் போய்விடும். உணவுக்கென்று விற்கிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே இருந்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும், அதைப் பிள்ளைகள் பிரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நமத்துவிட்டால் 110 டிகிரியில் ஐந்தாறு நிமிடம், மறுபடி உயிர் வரும்.

டிப் தண்ணீர் விட்டதற்குத் தயிரில் உள்ள நீரும், வெள்ளரி சேர்த்திருந்தால் அதில் உள்ள நீரும்தான் காரணமாக இருக்கும். இனிப்பில்லாத கெட்டித் தயிர் 500 கிராமை வேட்டித் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, கீழே ஒரு கிண்ணத்தோடு குளிர்பெட்டியில் இரவு முழுதும் விடுங்கள். காலையில் பாதி அளவுக்கு வெண்ணெய் மாதிரி நிற்கும், மயோனைஸும் வேண்டாம், கிரீமும் வேண்டாம், கொழுப்புக் குறைந்த தயிரிலும் இது நன்றாகவே வரும். அரைப் பல் பூண்டை எலுமிச்சைச் சாற்றிலேயே நசுக்கிப் பத்து நிமிடம் விட்டால் காரம் அடங்கும். அதோடு வறுத்த சீரகப் பொடி, பொடியாக நறுக்கிய புதினா, மிளகு. வெள்ளரி போடுவதானால் துருவி, உப்புத் தூவி, பத்து நிமிடம் கழித்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். கரண்டியால் மெதுவாகக் கலந்தால் போதும், மிக்சியில் அடித்தால் தயிர் உடைந்து மறுபடி நீர்த்துவிடும். டிப்புக்கான உப்பைப் பரிமாறும்போது சேருங்கள், முதலிலேயே போட்டால் நீர் இழுக்கும். நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் வைக்காதீர்கள், குளிர்பெட்டியில் மூன்று நாள் இருக்கும்.

தயிர் ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால் 100 கிராம் முந்திரியை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, அதே எலுமிச்சை, பூண்டு, மிளகோடு கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மை போல அரைத்துவிடலாம், ஆனால் அதில் கொழுப்பு கூடுதல், உங்கள் கணவருக்குத் தயிர்தான். வடிந்த தயிர்த் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், சப்பாத்தி மாவு பிசைய அதைவிட நல்லது கிடைக்காது.