மொசைக் தரையில் டைக் கறை: ஆசிட் அதற்கு மருந்தல்ல

கேள்வி: என் மாமியார் மூன்று வாரத்துக்கு ஒரு முறை குளியலறையிலேயே தலைக்கு டை போட்டுக்கொள்வார். வெள்ளை வாஷ்பேசின், மொசைக் தரை, பெயின்ட் அடித்த கதவு, பிளாஸ்டிக் மக் என எல்லாவற்றிலும் கறுப்புக் கறை படிந்துவிட்டது. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைத் தரையில் ஊற்றித் தேய்த்தேன். கறை போகவில்லை, தரைதான் சொரசொரப்பாகிவிட்டது. அடுத்த மாதம் இந்த வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: ஆசிட்டை இனி அந்தத் தரையின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சலவைக்கல் சில்லுகளைச் சிமென்ட்டில் பதித்து இழைத்த தரைதான் மொசைக். இரண்டிலும் சுண்ணாம்பு இருப்பதால், கழிவறை ஆசிட்டில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டவுடன் அவை நுரைத்துக் கரைகின்றன. எலுமிச்சைச் சாறும் வினிகரும் இதே வேலையை மெதுவாகச் செய்யும். உப்புத் தண்ணீர் விட்டுச்செல்லும் வெள்ளைப் படிவு ஆசிட்டில் கரைவதைப் பார்த்துப் பழகியதால், எல்லாக் கறைக்கும் அதுவே தீர்வு என்று நம்பிவிடுகிறோம். டைக் கறை அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

கறுப்பு டைகள் பெரும்பாலானவற்றில் பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாரா-பினைலீன் டைஅமீன் இருக்கிறது. குழைக்கும்போது அதன் மூலக்கூறுகள் மிகச் சிறியவை, நிறமும் ஏறக்குறைய இல்லாதவை. முடிக்குள் நுழைந்தபின் ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஒன்றோடொன்று பிணைந்து, வெளியே வர முடியாத அளவுக்குப் பெருத்துக் கறுக்கின்றன. தரையிலும் இதுவேதான் நடக்கிறது: சிந்திய துளி சிமென்ட்டின் நுண்துளைகளுக்குள் இறங்கி, அங்கேயே நிறமாகிவிடுகிறது. குனிந்து பார்த்தீர்களானால், பளபளப்பான சலவைக்கல் சில்லுகள் ஓரளவு வெள்ளையாகவே இருக்க, அவற்றைச் சுற்றியுள்ள சிமென்ட் மட்டும் கறுத்திருப்பது தெரியும். எனவே, மேலே தேய்ப்பதால் பயன் இல்லை; உள்ளே இறங்கியதை அங்கேயே வெளுக்கச் செய்ய வேண்டும்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பிளீச்சிங் திரவம் ஆசிட்டுடன் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியாவுடன் சேர்ந்தால் குளோரமின் வாயு கிளம்பும். இரண்டுமே நுரையீரலைத் தாக்குபவை. நீங்கள் ஏற்கெனவே ஆசிட் ஊற்றியிருக்கிறீர்கள். பல கிரீம் டைகளில் அம்மோனியாவும் உண்டு. ஆகவே, குளியலறை முழுவதையும் சோப்புத் தண்ணீரால் கழுவி, பல வாளித் தண்ணீர் விட்டு அலசி, ஒரு நாள் காயவிட்டபின், கையுறை அணிந்து, ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். ஸ்பிரிட், அசிட்டோன் ஆகியவற்றோடும் பிளீச்சைக் கலக்கக் கூடாது.

வாஷ்பேசின் எளிது. பீங்கானின் மேற்பூச்சில் துளைகள் இல்லாததால் கறை மேலோட்டமாகவே நிற்கிறது. பஞ்சை பிளீச்சிங் திரவத்தில் நனைத்துக் கறைமீது பத்து நிமிடம் போட்டுவைத்து அலசுங்கள். குழாயின் உலோகப் பூச்சில் பிளீச் தங்க விடாதீர்கள்.

தரைக்குத்தான் பொறுமை வேண்டும். மருந்துக் கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்குங்கள். 20 வால்யூம் என்று எழுதியிருந்தால் அது ஏறத்தாழ 6 சதவீதம், சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதமாகும். அதில் ஆப்ப சோடாவைக் கொட்டி, வடை மாவுப் பதத்துக்குக் குழைத்து, கறைமீது அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களை ஒட்டி 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு தாளை எடுத்து, கலவை பொடியாக உதிரும்வரை காயவிட்டுக் கூட்டித் துடையுங்கள். ஒரே முறையில் முழுதும் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். சிவப்பு, பச்சை நிறச் சிமென்ட் கலந்த தரையாக இருந்தால், கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள். மிஞ்சிய கலவையைப் பாட்டிலில் அடைத்து வைக்காதீர்கள். அதிலிருந்து வாயு வெளிவந்துகொண்டே இருக்கும்.

கதவை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மென்மையாக ஒற்றியெடுங்கள். பஞ்சில் கறுப்பு ஏறும்வரை தொடரலாம். பஞ்சு வெள்ளையாகவே வந்தும் கதவில் கறை தெரிந்தால், அது பெயின்ட்டுக்குள் இறங்கிவிட்டது என்று பொருள், அந்த இடத்துக்கு ஒரு கை பெயின்ட் அடிப்பதே மலிவு. நெயில் பாலிஷ் ரிமூவரில் பெரும்பாலும் அசிட்டோன் இருப்பதால் அது பெயின்ட்டையும் சில வகைப் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைக்கும். மக்கைப் புதிதாக வாங்கிவிடுங்கள்.

காலி செய்யும் நாள்வரை உங்கள் மாமியார் டை போடும்போது, முதலில் தரையை நன்றாக நனைத்துவிடுங்கள். நுண்துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால் டை உள்ளே இறங்கத் தாமதமாகும். செய்தித்தாளில் டை ஊறிவிடும் என்பதால் பிளாஸ்டிக் விரிப்பே நல்லது. சிந்தினால் உடனே சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். ஈரமான டைமீது பெராக்சைடு ஊற்றக் கூடாது. நிறத்தை வரவழைக்கும் பொருளே அதுதான்.

ஆசிட் அரித்த சொரசொரப்பை எந்தத் திரவமும் சரிசெய்யாது என்பதை வருத்தத்துடன்தான் சொல்கிறேன். அந்த இடத்தை மொசைக் பாலிஷ் போடுபவரிடம் காட்டி, இயந்திரத்தால் இழைக்கச் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் அதற்குக் கூலி பேசும் முன், கறை நீக்கிய தரையை இரண்டு நாள் முழுதாக உலரவிடுங்கள். ஈர மொசைக் எப்போதும் ஒரு படி கறுப்பாகவே தெரியும். எவ்வளவு கறை மிஞ்சியிருக்கிறது என்பது காய்ந்தபின்தான் தெரியவரும்.