கணக்கு புரிந்தும் பாதியில் தடுமாறும் பிள்ளைக்கு வாய்ப்பாடு மனப்பாடம் தேவையா?

மகளுக்குக் கணக்கு புரிகிறது, போடும்போது பாதியில் குழம்பிவிடுகிறாள், இதற்குப் போய் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். டியூஷனில் யாரோ கறாராகச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நானும் டியூஷன் எடுப்பவள்தான். அவர் சொன்னது சரி.

என்னிடம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். x² + 17x + 72 மாதிரி ஒன்றைக் காரணிப்படுத்தும்போது நடு உறுப்பான 17x-ஐ ஏன் இரண்டாகப் பிரிக்கிறோம் என்று மற்ற பிள்ளைகளுக்கே விளக்குவாள். ஆனால் பெருக்கினால் 72, கூட்டினால் 17 வரும் இரண்டு எண்கள் வேண்டுமென்றால், 72-ஐ இரண்டால் வகுப்பாள், பிறகு விரல் விட்டு மூன்றால் வகுப்பாள். நாலால் வகுத்து 18 வருவதற்குள் கூட்டுத்தொகை 17-ஆ 19-ஆ என்று மறந்துபோகும். ஒருவழியாக 8, 9 கிடைத்ததும், இதை எதற்குத் தேடினோம் என்று விழிப்பாள். கவனமே இல்லை என்று வீட்டில் திட்டு.

அது கவனக்குறைவே இல்லை. மனதில் ஒரே நேரத்தில் பிடித்துவைத்து வேலை செய்யும் இடம் எல்லோருக்கும் சின்னது. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் ஏழு விஷயங்கள், கூடக்குறைய இரண்டு என்றார். இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் அதை நான்கு அளவுக்குக் குறைத்தார். அதில் பெரும்பகுதியை வகுத்தலே பிடித்துக்கொண்டால், அடுத்த ஸ்டெப்பை யோசிக்க எது மிஞ்சும்? ஒன்பதெட்டு எழுபத்திரண்டு என்று வாய் தானாகச் சொன்னால் அதற்கு அங்கே இடமே வேண்டாம்.

அதனால் வாய்ப்பாட்டைத் தலைகீழாகப் பழக்கினேன். நான் 72 என்பேன், அவள் ஜோடிகளைச் சொல்ல வேண்டும். அப்புறம் 84, 96. கடிகாரம் வைக்கவில்லை, பதற்றமும் அதே இடத்தைத்தான் தின்னும். இடையில் கிடைக்கும் எண்களை ஓரத்தில் எழுதச் சொன்னேன். காலாண்டில் தாளைப் பாதியில் விட்டவள் அரையாண்டில் முழுதும் எழுதினாள்.

உடனே மனப்பாடக் கல்விக்கு வக்காலத்து என்று சண்டைக்கு வராதீர்கள். புரியாமல் ஒப்பிக்கும் பிள்ளை, கேள்வி கொஞ்சம் மாறினாலே நின்றுவிடும். அதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். புரிந்த பிள்ளைக்குத்தான் இந்தப் பழக்கம் முழுசாகக் கைகொடுக்கும்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பெண்ணின் பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். அருமையாகக் கபடி ஆடுவாள். கேட்கப் போன அம்மாவிடம், மார்க் வேண்டுமா கபடி வேண்டுமா என்றார்களாம். இன்றும் நினைத்தால் எரிகிறது. கணக்கு சொல்லிக்கொடுக்கும் நானே சொல்கிறேன், உங்கள் மகளின் விளையாட்டு நேரத்தைக் கணக்குக்காக யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.