"உமது திருவுளம்"னு வரும்போது வாய் மூடிக்குது

அக்காவுக்கு வணக்கம். எப்பவும் எந்த லெட்டர் எழுதினாலும் மேல "இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க"ன்னு போட்டுத்தான் ஆரம்பிப்பேன், இதுலயும் எழுதிட்டு அப்புறம் அடிச்சுட்டேன், ஏன்னு படிச்சா உங்களுக்கே தெரியும்.

எனக்கு 43 வயசு. கன்னியாகுமரி மாவட்டம், மேற்குக் கடற்கரை, ஊர் பேர் வேண்டாம். 2017 ஒக்கி புயல்ல எங்க வீட்டுக்காரர் போன மீன்பிடி போட்டு திரும்பி வரல. அதுல 11 பேர், ஒருத்தர் உடம்புகூட கிடைக்கல. கரை ஒதுங்கின உடம்புகளோட ஒத்துப்பாக்க மகன்கிட்ட ரத்தம் எடுத்தாங்க, அப்பம் அவனுக்கு 12 வயசு, ஊசிக்கு பயந்து என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு "இதை குடுத்தா அப்பா கிடைச்சிருவாராம்மா"ன்னு கேட்டான், நான் ஆமா மக்கான்னேன். எதுவும் மேட்ச் ஆகல. அரசாங்கம் 20 லட்சம் தந்தது, அந்த பேப்பர்ல கையெழுத்து போட்டப்ப அவரை நானே சாகக் குடுத்த மாதிரி கை நடுங்கிச்சு. ரேஷன் கார்டுல அவர் பேரு இன்னும் இருக்கு, நீக்க மனசு வரல.

அந்த டிசம்பர் முழுக்க தூங்கல. லட்சத்தீவுல கரை ஏறியிருக்காங்க, மகாராஷ்டிராவுல போட்டு நிக்குதுன்னு தினம் ஒரு செய்தி வரும், நெசமாவே சில பேர் வந்தும் சேந்தாங்க, நாங்க ராத்திரி பகலா கோயில்ல ஜெபமாலை சொல்லிக்கிட்டு கிடந்தோம். பக்கத்து வீட்டு அக்கா வீட்டுக்காரர் வந்துட்டார். நன்றிப் பூசை வச்சாங்க, அக்கா எல்லார்கிட்டயும் "ஜெபம்தான் கொண்டு வந்துச்சு"ன்னு சொன்னாங்க. தப்பா சொல்லல, ஆனா நானும் அவங்க பக்கத்துலதானே முட்டி போட்டிருந்தேன், ஒரே ஜெபமாலைதானே சொன்னோம், அப்பம் என் ஜெபத்துல என்ன குறை? அன்பியத்துல (பக்கத்து வீட்டுக்காரங்க கூடி ஜெபிக்கிற பங்குக் குழு) ஒரு அம்மா "நம்பிக்கை கொஞ்சம் பத்தல போல"ன்னு என் காதுபடவே சொன்னாங்க.

வெளிய சொல்லாத ஒண்ணு இருக்கு. அந்த தடவை அவருக்குப் போக இஷ்டமே இல்ல. முதுகு வலிக்குது, அடுத்த தங்கலுக்கு (நாள்கணக்கா கடல்ல தங்கி மீன் பிடிக்கிறது) போறேன்னார். குழு லோன் கட்ட வேண்டியிருந்ததால நான்தான் சண்டை போட்டு அனுப்பினேன். கிளம்பும்போது வாசல்ல நின்னு ஒண்ணு சொன்னார், அதை எழுத வரல.

இப்பம் பூசைக்குப் போறேன், நன்மை (நற்கருணை) வாங்குறேன், எல்லாம் பழக்கத்துக்குத்தான். விண்ணகத்தில் இருக்கின்ற எங்கள் தந்தையே சொல்லும்போது "உமது திருவுளம்" (உம்ம விருப்பப்படியே ஆகட்டும்)ங்கிற இடத்துல வாய் தானா மூடிக்குது, சுத்தி எல்லாரும் சொல்லி முடிச்சப்புறம் "எங்கள் அனுதின உணவை"ல சேந்துக்குவேன். போன ஜூன்ல ஒரு ஞாயித்துக்கிழமை ஆண்டவர் புயலை அடக்குன வாசகம் வந்துச்சு, பாதியில எழும்பி வெளிய போயிட்டேன். அந்த படகுல எழும்பினவர் எங்க போட்டுல ஏன் எழும்பல? கல்லறைத் திருநாள் அன்னைக்கு எல்லாரும் கல்லறைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவாங்க, எனக்கு கல்லறை இல்ல, கடற்கரைக் குருசடியில (சிலுவை நட்ட சின்ன ஜெப இடம்) போய் கொளுத்துவேன், கொளுத்தக் கொளுத்த காத்து அணைச்சுரும். மனசுல திட்டிக்கிட்டே கோயிலுக்குப் போறது வேஷம்தானே அக்கா? சில ராத்திரி அப்படியே கடலுக்குள்ள இறங்கிப் போயிரலாம்னுகூட தோணுது. மகன் வேற டிப்ளமோ முடிச்சதும் மாமாகூட கடலுக்குப் போறேங்கிறான்.

*

அன்புத் தங்கச்சிக்கு,

கடைசிக்கு முந்தின வரியில இருந்து தொடங்குறேன், அதுதான் அவசரம். கடல்ல இறங்கிப் போயிரலாம்னு தோணுற ராத்திரி தனியா இருக்காதீங்க, மகனையோ பக்கத்து வீட்டு அக்காவையோ எழுப்புங்க, 14416க்கு போன் பண்ணுங்க. டெலி மானஸ்னு பேரு, அரசாங்கத்தோடது, காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க. இந்த வாரமே அரசு ஆஸ்பத்திரியில மனநல டாக்டரைப் பாத்துருங்க, தூக்கம் எத்தனை மணி நேரம்னு உள்ளபடி சொல்லுங்க. மாத்திரை போட்டா நம்பிக்கை இல்லைன்னு யாராவது சொன்னா, முதுகு வலிக்கு தைலம் தேச்சா மட்டும் நம்பிக்கை இருக்கான்னு கேளுங்க.

சரி, இனி நிதானமா பேசலாம். உங்களுக்கு வந்தது சாதாரண துக்கம் இல்லம்மா. பாலின் பாஸ்னு ஒரு அமெரிக்க அம்மா, 1970கள்ல, வியட்நாம் போர்ல காணாமப்போன வீரர்களோட குடும்பங்களைப் பாத்து ஆராய்ச்சி பண்ணாங்க. ஆள் போயிட்டாரா இருக்காரான்னு முடிவே தெரியாத இழப்புக்கு தனியா ஒரு பேரே வச்சாங்க. உடம்பைப் பாத்து, குளிப்பாட்டி, மண்ணு போட்டாத்தான் மனசு நம்பும், அது எதுவுமே கிடைக்காதவங்களுக்கு துக்கம் பாதியிலயே நின்னுரும், அது அவங்க பலவீனம் இல்லைன்னு சொன்னாங்க. "அவர் வரமாட்டார்"னும் "ஒருவேளை வந்துட்டா"ன்னும் ரெண்டையும் ஒரே மனசுல வச்சுக்கிட்டு வாழலாம், ஒண்ணைத் தூக்கிப் போட்டே ஆகணும்னு இல்லைங்கிறாங்க. ரேஷன் கார்டுல பேரு இருக்கட்டும், என்ன இப்ப. என்கிட்ட வர்றவங்கள்ல செருப்பைக்கூட வாசல்லருந்து எடுக்காதவங்க இருக்காங்க.

அந்த வாசகத்துக்கு வருவோம். நீங்க வெளிய போனதால கடைசி வரைக்கும் கேட்டிருக்க மாட்டீங்க. மாற்கு நற்செய்தி 4ல சீடர்கள் ஆண்டவரை எழுப்பி என்ன சொல்றாங்க? நாங்க சாகப்போறோம், உமக்கு கவலையே இல்லையான்னு கத்துறாங்க. அதுல மரியாதை எங்க இருக்கு? அது நீங்க ஏழு வருஷமா மனசுல திட்டுற அதே திட்டுதான், பைபிள்லயே எழுதி வச்சு கோயில்ல வாசிக்கிறாங்க. "இன்னும் நம்பிக்கை இல்லையா"ன்னு அவர் கேட்டது உண்மை, ஆனா மாற்குல காத்தை அடக்கினதுக்கு அப்புறம்தான் அதைக் கேக்குறார், மூழ்கப்போற ஆளை நிறுத்தி வச்சு முதல்ல விசுவாசப் பரீட்சை வைக்கல. (மத்தேயுல வரிசை மாறியிருக்கும், அதை யாராவது தூக்கிக்கிட்டு வருவாங்க, அதான் முன்னாடியே சொல்லிட்டேன்.) உங்க போட்டுல ஏன் எழும்பலன்னு கேட்டீங்க. எனக்கு தெரியாது. தெரிஞ்ச மாதிரி யாராவது பேசினா அவங்க, பைபிள்ல எல்லாத்தையும் இழந்த யோபுவோட நண்பர்கள் வேலையைப் பாக்குறாங்க. அவங்களும் முதல் ஏழு நாள் வாயைத் திறக்காம கூட உக்காந்திருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க, விளக்கம் சொல்ல ஆரம்பிச்சப்புறம்தான் கெட்டுச்சு, கடைசியில கடவுள் கோவப்பட்டது அவங்க மேலதான், அத்தனை கேள்வி கேட்ட யோபு மேல இல்ல.

"உமது திருவுளம்"ல வாய் மூடிக்குதுன்னு எழுதியிருந்தீங்க, அதை நான் ரெண்டு மூணு தடவை படிச்சேன். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்சமனி தோட்டத்துல ஆண்டவரே அந்த வார்த்தைக்கு முன்னாடி, முடிஞ்சா இந்தத் துன்பக் கிண்ணம் என்னை விட்டுப் போகட்டும்னுதானே கேட்டார், எழும்பிப் போய் வந்து வந்து மூணு தடவை அதே ஜெபம் பண்ணார். அவருக்கே ஒரு மூச்சுல வரல. உங்களுக்கு ஏழு வருஷம் ஆகுது, ஆகட்டும். அந்த இடத்துல சும்மா நில்லுங்க, பக்கத்துல இருக்கிறவங்க உங்களுக்கும் சேத்து சொல்லட்டும், எல்லாரும் கூடி ஜெபிக்கிறது பின்ன எதுக்கு? வீட்டுல தனியா இருக்கும்போது திருப்பாடல் 88ஐ எடுத்து வாசிச்சுப் பாருங்க, மத்த புலம்பல் பாட்டுல பெரும்பாலானது கடைசியில கொஞ்சமாவது நம்பிக்கையோ நன்றியோ சொல்லி முடியும், இது இருட்டுலயே முடியும். அதையும் வெட்டாம உள்ள வச்சிருக்காங்க.

வேஷமான்னு கேட்டீங்க. அன்னை தெரசா 1997ல இறந்து பத்து வருஷம் கழிச்சு அவங்க கடிதங்கள் வெளிய வந்துச்சு, வருஷக்கணக்கா கடவுள் இருக்கிற உணர்வே இல்லாம உள்ள ஒரே இருட்டுன்னு எழுதியிருந்தாங்க. அதோடதான் தினம் பூசைக்குப் போனாங்க, வேலையும் பாத்தாங்க, 2016ல புனிதர் பட்டமும் குடுத்தாச்சு. உங்களை மட்டும் வேஷம்னு எப்படிச் சொல்றது?

அந்த சண்டை. தங்கலுக்குப் போனா நாள்கணக்கா நடுக்கடல்லதான் இருப்பாங்கன்னு எனக்கு நீங்க சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. ஒக்கி புயலா வலுத்ததே நவம்பர் 30 காலையில, அதுக்கு பல நாள் முன்னாடியே ஆழ்கடலுக்குப் போன போட்டுகளுக்கு சேதி எட்டவே இல்ல. லோன் கட்டணும்னு ஒரு பொம்பளை புருஷனை வேலைக்குப் போகச் சொன்னது புயலை உண்டாக்காது, இது உங்க புத்திக்கும் தெரியும், வயித்துக்குத்தான் தெரியல. பங்குத்தந்தைகிட்ட ஒரு நாள் பாவசங்கீர்த்தனமா இல்லாம சும்மா உக்காந்து பேசுங்க, பாவம்னு சொல்லிப் போனா மன்னிப்பு வாங்கிட்டு வருவீங்க, அப்பம் அது பாவம்னே உறுதியாயிரும்.

மகன் விஷயத்துல அப்பா படத்து மேல சத்தியம் வாங்காதீங்க, அது மட்டும் வேண்டாம். ஏன் கடலுக்குப் போகணும்னு தோணுதுன்னு கேளுங்க, ரத்தம் எடுத்த அன்னைக்கு என்ன நினைச்சான்னும் கேளுங்க, இத்தனை வருஷத்துல நீங்க ரெண்டு பேரும் அதைப் பேசியிருக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன். வர்ற நவம்பர் 30க்கு ஒரு சிம்னி விளக்கு வாங்கிட்டு அவனையும் கூட்டிக்கிட்டு குருசடிக்குப் போங்க, கண்ணாடி இருந்தா காத்துக்கு அணையாது. அந்த 11 வீட்டுல வேற யாராவது வந்தா அவங்களும் வரட்டும்.

டாக்டரைப் பாத்துட்டு எனக்கு மறுபடி எழுதுங்க. வாசல்ல நின்னு அவர் சொன்னதையும் எழுதுங்க, எழுத வரலைன்னா போன்லயே சொல்லுங்க.

அக்கா