திருமங்கலம் பஸ்ஸுக்கு ₹70,000 கேம் கன்சோல் தேவையா?

கேள்வி: திருமங்கலத்தில் இருந்து மதுரைக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். மாதம் ஒருமுறை வைகை எக்ஸ்பிரஸில் சென்னைப் பயணம். சம்பளம் ₹32,000, கையிருப்பு ₹40,000. வழியில் கேம் விளையாட, கையில் பிடித்து விளையாடும் விண்டோஸ் கருவியான அசுஸின் ரோக் ஆலி கன்சோலை ₹70,000க்கு 12 மாத 'நோ காஸ்ட்' இ.எம்.ஐ.யில் கிரெடிட் கார்டு மூலம் வாங்கலாமா? டவுன்ஹால் ரோட்டில் நிண்டெண்டோவின் சிறிய கையடக்கக் கன்சோலான ஸ்விட்ச் லைட்டை, பழையதாக, ₹16,000க்குச் சொல்கிறார்கள்.

பதில்: ஆலி இப்போது வேண்டாம். உங்கள் பயணத்துக்கு ஸ்விட்ச் லைட் போதும். அதையும் கையிருப்பைத் தொடாமல் வாங்குங்கள். அந்த ₹40,000 உங்கள் ஒன்றேகால் மாதச் சம்பளம்தான். ஆஸ்பத்திரிச் செலவு ஒன்று வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

'நோ காஸ்ட்' என்றாலும் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த அளவுக்கு விலையில் தள்ளுபடி காட்டுவார்கள், அவ்வளவுதான். வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. உங்கள் தலையில் விழும். 15% வட்டி என்றால், ₹70,000இல் வட்டிப் பங்கு சுமார் ₹5,370, அதற்கு வரி சுமார் ₹970. பிராசஸிங் கட்டணம் தனி. மாதத் தவணை ₹5,833, சம்பளத்தில் 18 சதவீதம். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி இருந்தால் அதுவும் போச்சு.

இனி கருவிக்கு வருவோம். ஆலி 608 கிராம், லைட் 275 கிராம். உட்கார இடம் கிடைத்தாலும், குலுங்கும் பஸ்ஸில் அறுநூறு கிராமை முக்கால் மணி நேரம் தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். ஆலியின் பேட்டரி 40 வாட்-அவர். பெரிய கேமுக்கு 25 வாட் மோடில் பிராசஸர் மட்டுமே 25 வாட் இழுக்கும். திரையும் ஃபேனும் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரம்கூட நிற்காது. லைட்டுக்கு நிண்டெண்டோ சொல்வது 3 முதல் 7 மணி நேரம். சென்னைப் பயணத்துக்கு அதற்கும் ஒரு பவர் பேங்க் வேண்டும். ஸ்விட்ச் வகைக் கருவிகளை 35 டிகிரி வரைதான் பயன்படுத்தச் சொல்கிறார்கள். சித்திரை வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து விளையாடாதீர்கள்.

ஆலிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ரூபாய் விலையில் கேம் வாங்கலாம், தள்ளுபடிக் காலத்தில் மிக மலிவு. நிண்டெண்டோ கேம்கள் விலை அதிகம், ஆனால் கார்ட்ரிட்ஜாக (கேம் பதிந்த சிறு அட்டை) வாங்கினால் முடித்ததும் விற்றுவிடலாம். ஸ்டீம் கேமை விற்க முடியாது. லைட்டை டிவியில் இணைக்க வழியில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மாதம் ₹4,000 ஒதுக்கினால் நான்கே மாதத்தில் லைட். அதன் பிறகும் ஆலி ஆசை போகவில்லை என்றால், அதே ₹5,833ஐ வங்கி ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள், 6.5% வட்டி கிடைத்தால் ஓராண்டில் சுமார் ₹72,500 சேரும். தபால் நிலைய ஆர்.டி. இதற்கு ஒத்துவராது, அது ஐந்து ஆண்டுத் திட்டம்.

நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, அதனால் வாரன்டியை நம்ப முடியாது. பணம் கொடுக்கும் முன் கடையிலேயே சோதித்துவிடுங்கள். செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குள் ஸ்டிக் (கட்டைவிரலால் நகர்த்தும் குமிழ்) கேலிப்ரேஷனைத் திறந்து, விரலை எடுத்ததும் புள்ளி நடுவில் நிற்கிறதா பாருங்கள். நகர்ந்தால் வாங்காதீர்கள்: லைட்டில் ஸ்டிக்கைத் தனியே கழற்ற முடியாது, கருவியையே பிரிக்க வேண்டும். ஒரு கார்ட்ரிட்ஜைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து நிண்டெண்டோவின் ஆன்லைன் கடையான இ-ஷாப்பைத் திறந்து பாருங்கள். நிண்டெண்டோ தடை செய்த கருவி என்றால் அங்கேயே பிழைச் செய்தி வரும். பழைய உரிமையாளரின் கணக்கை நீக்கி, முழுவதும் ரீசெட் செய்து வாங்குங்கள்.